எப்பாக்ஸி இறுகலை அகச்சிவப்பில் பின்தொடர்தல்: ஒரே பிசினுக்கு மூன்று விடைகள் ஏன்?

இளம்பிசின் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிஸ்பீனால் ஏ டைகிளைசிடைல் ஈதர் என்னும் வழக்கமான எப்பாக்ஸிப் பிசினை ஐசோபோரோன் டைஅமீனுடன் சரிவிகிதத்தில் கலந்து, 80 டிகிரி செல்சியஸில் அது இறுகுவதை அண்மை அகச்சிவப்பு நிறமாலைமானியால் பின்தொடர்ந்து வருகிறேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பிசினை நிரப்பி, நிமிடத்துக்கு ஒரு நிறமாலை வீதம் இரவு முழுவதும் பதிவு செய்கிறேன். அதே கலவையிலிருந்து வெவ்வேறு நேரங்களில் சிறு துளிகளை எடுத்துக் குளிரவைத்து, டிஎஸ்சி வெப்ப அளவியில் மிச்ச வினைவெப்பத்தை அளந்து, அதிலிருந்து வினை நிறைவு விகிதத்தைக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டு நிறமாலையிலிருந்தே நிறைவைக் கணிக்கும் பிஎல்எஸ் (பகுதிக் குறைவர்க்கப் பொருத்தம்) என்னும் புள்ளியியல் கணிப்பான் ஒன்றைப் பயிற்றினேன். ஐந்து ஓட்டங்களின் நிறமாலைகளைக் குலுக்கி, எழுபது விழுக்காட்டைப் பயிற்சிக்கும் முப்பது விழுக்காட்டைச் சோதனைக்கும் ஒதுக்கினேன். ஒன்பது காரணிகளுடன் தொடர்புக் கெழுவின் வர்க்கம் 0.998 வந்தது. மகிழ்ந்தேன், அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்தான் நீடித்தது.

பிறகு 100 டிகிரியில் ஒரு புதிய ஓட்டம் எடுத்தபோது, வினை தொடங்கும் முன்பே என் கணிப்பான் 0.08 நிறைவு என்று சொன்னது. அது ஒரு குழப்பம். 80 டிகிரி ஓட்டத்தின் இறுதியில் 4530 செ.மீ⁻¹ எப்பாக்ஸிப் பட்டையின் பரப்பை மட்டும் வைத்துக் கையால் கணக்கிட்டால் 0.91 வருகிறது, டிஎஸ்சியோ மிச்ச வெப்பமே இல்லை, 0.99 என்கிறது. அது இரண்டாவது. இதே கலவையை படிகத்தைத் தொடும் மெல்லிய படலத்தை மட்டும் பார்க்கும், ஏடிஆர் என்னும் வைரப் படிகத் துணைக்கருவியில் நடு அகச்சிவப்பில், 915 செ.மீ⁻¹ எப்பாக்ஸிப் பட்டையை 1510 செ.மீ⁻¹ பென்சீன் வளையப் பட்டையுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் 0.84-க்கு மேல் ஏறவில்லை. அது மூன்றாவது. எதை நம்புவது? டிஎஸ்சியைத்தான் நியாயத் தராசாகக் கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அலைஎண் எழுதியது:

விடை சொல்லும் முன் மூன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்மை அகச்சிவப்புக் கணக்கில் எந்தப் பட்டையை ஒப்பீட்டுப் பட்டையாக வைத்தீர்கள்? பூச்சியம் என்று கொண்ட முதல் நிறமாலை, கலக்கி எத்தனை நிமிடம் கழித்து, எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது? 4530 பட்டைக்கு அடிக்கோட்டை எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்தீர்கள்?

இளம்பிசின் எழுதியது:

ஒப்பீட்டுப் பட்டை எதுவும் வைக்கவில்லை, ஐயா. கலத்தின் தடிமன் மாறாது என்பதால் தேவையில்லை என்று நினைத்தேன். முதல் நிறமாலை, கலக்கி ஊற்றிக் கலம் 80 டிகிரியை எட்டிய பிறகு, ஏறத்தாழ ஆறு நிமிடம் கழித்து எடுத்தது. அடிக்கோடு, பட்டையின் இரு பக்கத்துப் பள்ளங்களையும் இணைக்கும் நேர்கோடு.

அலைஎண் எழுதியது:

நல்லது; உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இந்த மூன்று வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறாது என்பது உண்மைதான், ஆனால் ஒளி கடந்து செல்லும் பாதையில் நிற்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறுகிறது. நீர்மநிலை எப்பாக்ஸி ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஆறேழு பங்கு விரிவடையும். அறை வெப்பநிலையிலிருந்து 80 டிகிரிக்குப் போவதற்குள் அடர்த்தி மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். இறுகும்போது இதற்கு நேர்மாறாகச் சில விழுக்காடு சுருங்கும். சுருங்கும் பிசின் தகட்டை விட்டுப் பிரிந்தாலோ உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றினாலோ ஒளிச்சிதறலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வினையில் பங்கு கொள்ளாத ஒரு தொகுதியின் பட்டையால் வகுத்தாக வேண்டும். இந்தப் பிசினுக்கு அது எளிது: பென்சீன் வளையத்தின் கார்பன்–ஹைட்ரஜன் சேர்க்கைப் பட்டை 4620 செ.மீ⁻¹ அருகே, எப்பாக்ஸிப் பட்டைக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறது. ஒப்பீட்டுப் பட்டை எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிதறலால் வரும் சாய்வு இரண்டையும் ஒரே விதமாகப் பாதிக்கும்.

இனி பூச்சியப் புள்ளிக்கு வருவோம். ஆறு நிமிடத்தில் கலவை சும்மா இருந்திருக்காது. அதற்குள் 0.05 அளவுக்கு வினை நடந்திருந்தால், அந்த நிலையைப் பூச்சியம் என்று கொண்டு நீங்கள் போடும் கணக்கு தொடக்கத்தில் முழுமையாகப் பிழைபடும். ஆனால் இறுதியில் அப்பிழை தானாகவே தேய்ந்துவிடும். உண்மையான நிறைவு 0.95 என்றால் மிச்சம் 0.05, அதை 0.95-ஆல் வகுத்தால் 0.053, உங்கள் கணக்கில் 0.947 என்று வரும். இதைச் சொல்வதன் நோக்கம், பூச்சியப் பிழையை வைத்து 0.91-க்கும் 0.99-க்கும் உள்ள இடைவெளியை விளக்க முடியாது என்பதைக் காட்டுவதே. முதல் இருபது நிமிட வேகத்தைப் பொருத்திப் பார்ப்பவர்களுக்குத்தான் அது பெருங்கேடு.

அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஐசோபோரோன் டைஅமீனில் பென்சீன் வளையம் கிடையாது. உங்கள் கலவையிலுள்ள வளையங்கள் அனைத்தும் பிசினுக்கே உரியவை. எனவே எப்பாக்ஸிக்கும் வளையத்துக்குமான விகிதம், கடினமாக்கி சேர்க்காத தனிப் பிசினிலும் கலந்த கணத்திலும் ஒன்றேதான். தனிப் பிசின் 80 டிகிரியில் தானாக வினைபுரியாது. அதை நிதானமாகச் சூடாக்கி, அதே வெப்பநிலையில் நிறமாலை எடுத்தால் உண்மையான பூச்சியம் கைக்கு வந்துவிடும். கலக்குவதில் போகும் நிமிடங்களைப் பற்றிய கவலையும் தீரும். கடினமாக்கியின் பட்டைகள் இந்த இடத்தில் எவ்வளவு நுழைகின்றன என்பதை அதன் தனி நிறமாலையைக் கொண்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏடிஆர் பற்றி: அங்கே உங்கள் ஒப்பீட்டுப் பட்டையே உங்களை ஏமாற்றியிருக்கலாம். படிகத்துக்கு வெளியே கசியும் அலை ஓரிரண்டு மைக்ரான் ஆழம்தான் பிசினுக்குள் செல்கிறது. அந்த ஆழம் அலைநீளத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். 915 செ.மீ⁻¹ என்பது 10.9 மைக்ரான், 1510 செ.மீ⁻¹ என்பது 6.6 மைக்ரான். பிசின் சுருங்கிப் படிகத்தை விட்டு மைக்ரானில் ஒரு சிறு பங்கு விலகினாலும், குட்டையான அலைநீளத்தில் நிற்கும் 1510 பட்டை வேகமாகத் தேய, 915 பட்டை மெதுவாகத் தேயும். விகிதம் உயரும், மிச்ச எப்பாக்ஸி உண்மையைவிட அதிகம் போலத் தோன்றும். உங்கள் 0.84-க்கு இதுவே காரணம் என்று சந்தேகிக்கிறேன். 1510 பட்டையின் வெறும் உயரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள்: சுருங்கும் பிசினில் அது சற்று உயர வேண்டும், இறங்கினால் தொடுகை விட்டுப்போயிற்று என்று பொருள்.

அடிக்கோட்டைப் பற்றி: 4530 பட்டை தட்டையான நிலத்தில் நிற்கவில்லை, ஒரு மலைச்சரிவில் நிற்கிறது. அதன் கீழே எப்பாக்ஸி அல்லாத வேறு உட்கவர்தலும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். எனவே நிறைவு 0.91 என்று குறைவாகத் தெரிவது ஓரளவு அந்த ஒளிந்திருக்கும் பங்காலும் இருக்கலாம். இன்னும் உயர்ந்த வெப்பநிலையில் மீண்டும் சூடாக்கி முழுமையாகப் பின்னிறுகல் செய்த ஒரு தகட்டில் அதே அடிக்கோட்டுடன் எவ்வளவு பரப்பு மிஞ்சுகிறது என்று பார்த்தால் அது எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடும்.

வெப்பவரை எழுதியது:

நான் டிஎஸ்சியோடு நெடுங்காலம் பழகியவன். அதனாலேயே அதை நியாயத் தராசு என்று யாராவது சொன்னால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எப்பாக்ஸி–அமீன் வினை ஒரு மோல் எப்பாக்ஸிக்கு ஏறத்தாழ 100 கிலோஜூல் வெப்பம் தரும். உங்கள் கலவையில் ஒரு மோல் எப்பாக்ஸிக்கு உரிய எடை சுமார் 230 கிராம். ஆகவே மொத்த வெப்பம் கிராமுக்கு 430 ஜூல் அளவில் இருக்கும். உண்மையான நிறைவு 0.91 என்றால் மிச்சம் 39 ஜூல். அது கூர்மையான முகடாக வந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் அது நூறு டிகிரிக்கு மேற்பட்ட அகலத்தில் பரவி வரும். நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் சூடாக்கினால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு, சராசரியாகக் கிராமுக்கு 0.05 வாட் அளவே ஓடும். அதற்கு முன்னால், இரவெல்லாம் 80 டிகிரியில் கிடந்து முதிர்ந்த கண்ணாடிநிலைப் பிசின், சூட்டில் இளகும் கண்ணாடி நிலைமாற்றத்தின்போது ஒரு வெப்பங்கொள் மேட்டைத் தரும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிட, அடிக்கோட்டை வரைபவரின் கை போன போக்கில் விடை அமையும். 120 டிகிரியில் தொடங்கி 200-இல் முடிக்கும் கோட்டை இழுத்துவிட்டு மிச்ச வெப்பம் இல்லை என்று எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன்.

இறுதிக் கட்டத்தில் வெப்பத்தை அளப்பதைவிடக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை அளப்பது நல்லது. வினை நிறைவுக்கும் அந்த வெப்பநிலைக்கும் உள்ள உறவைத் தரும் டிபெனெடெட்டோ வளைவு முடிவை நெருங்க நெருங்கச் செங்குத்தாக ஏறும். கடைசிச் சில விழுக்காடுகளில், ஒரு விழுக்காட்டு நிறைவுக்குப் பல டிகிரி உயர்வு கிடைக்கும். வெப்பம் கைவிடும் இடத்தில்தான் அது கூர்மையாகிறது. ஆகவே இறுகிய துளியை ஒருமுறை 200 டிகிரி வரை சூடாக்கிக் குளிரவைத்து, இரண்டாவது முறையும் சூடாக்குங்கள். இரண்டு முறையும் ஒரே வெப்பநிலை வந்தால் உங்கள் 0.99 சரி. இரண்டாவது முறையில் கணிசமாக உயர்ந்தால், முதல் சூடாக்கலின்போதே வினை நடந்திருக்கிறது. உங்கள் தொகையிடல் அதைப் பார்க்கவில்லை.

எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டால், இந்தக் கலவை முழுமையாக இறுகினால் அதன் நிலைமாற்ற வெப்பநிலை 150 டிகிரி அளவுக்குச் செல்லும். 80 டிகிரி அடுப்பில் அதை அடைய வழியே இல்லை. நிலைமாற்ற வெப்பநிலை அடுப்பின் வெப்பநிலையை எட்டியதும் பிசின் கண்ணாடியாகி, வினைத்தொகுதிகள் ஒன்றையொன்று தேடி நகர முடியாமல் நின்றுவிடும். வினை விரவலின் தயவில் ஊர்ந்து, இன்னும் இருபது முப்பது டிகிரி ஏறி ஓய்ந்துவிடும். கில்லாம் வகுத்த நேரம்–வெப்பநிலை–நிலைமாற்ற வரைபடம் சொல்வது இதைத்தான். ஆகவே 80 டிகிரியில் 0.99 என்ற எண்ணே எனக்கு முதலில் உறுத்தியது.

கூறுபிரிப்பான் எழுதியது:

டிஎஸ்சி இத்தனை ஐயத்துக்குரியதானால், அதைக் கொண்டு ஏன் பயிற்ற வேண்டும்? பல்மாறி வளைவுப் பிரிப்பு என்னும் எம்சிஆர் முறையில் அளவுத்திருத்தமே தேவையில்லை. நிறமாலை அணியைக் கொடுத்தால், எதிர்ம மதிப்பு கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, ஒவ்வொரு சேர்மத்தின் தூய நிறமாலையையும் அதன் செறிவு மாறும் பாங்கையும் அதுவே பிரித்துத் தரும். எப்பாக்ஸி, ஓரிணைய அமீன் (நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன்), ஈரிணைய அமீன் (ஒரு ஹைட்ரஜன்), மூவிணைய அமீன் (ஹைட்ரஜன் இல்லை), ஹைட்ராக்சில் என்று ஐந்து கூறுகள் கேளுங்கள், வேலை முடிந்தது.

தரவுத்தச்சர் எழுதியது:

மன்னிக்க வேண்டும், அங்கே வேலை முடியாது, அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே ஓட்டத்தின் அணியில் எத்தனை சாராக் கூறுகள் இருக்க முடியும் என்பதை வேதியியலே தீர்மானித்துவிடுகிறது. இங்கே சாராத வினைகள் இரண்டு: ஓரிணைய அமீன் எப்பாக்ஸியோடு சேர்வது ஒன்று, அதனால் உண்டான ஈரிணைய அமீன் மீண்டும் எப்பாக்ஸியோடு சேர்வது மற்றொன்று. அணியின் தரம், அதாவது அதிலுள்ள சாராக் கூறுகளின் எண்ணிக்கை, வினைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியதற்கு மேல் போகாது, ஆகவே மூன்று. ஒவ்வோர் எப்பாக்ஸி வளையம் திறக்கும்போதும் ஒரு ஹைட்ராக்சில் பிறக்கிறது. ஒன்றின் ஏற்றமும் மற்றொன்றின் இறக்கமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. அவற்றை எந்தக் கணக்கு முறையாலும் பிரிக்க முடியாது. ஐந்து கூறுகள் கேட்டால் நிரல் ஐந்து கூறுகளைத் தரும். மறுக்க அதற்குத் தெரியாது. ஆனால் அவற்றில் மூன்று கலவைகளாகவும் இரண்டு இரைச்சலாகவும் வெப்பநிலைச் சரிவாகவும் இருக்கும். மூன்றையே கேட்டாலும், தொடக்கக் கலவை, இடைநிலை, இறுதிப் பொருள் என்ற மூன்று முகங்கள்தான் கிடைக்கும், தூய சேர்மங்கள் அல்ல. ஒரே தரவுக்குப் பல பிரிப்புகள் சமமாகப் பொருந்தும் சுழற்சி ஐயப்பாடு வேறு இருக்கிறது. அமீன் கூடிய கலவை, எப்பாக்ஸி கூடிய கலவை என்று விகிதத்தை மாற்றிப் பல ஓட்டங்கள் எடுத்து அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் இந்தக் கட்டு ஓரளவு அவிழும். அந்த உழைப்புக்கு ஆயத்தமாக இருப்பவர்களுக்கு எம்சிஆர் மிக நல்ல முறை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி உங்கள் பிஎல்எஸ்ஸுக்கு வருகிறேன், இளம்பிசின். 0.998 என்பதை நீங்கள் உடனே மறந்துவிட வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த நிறமாலைகளில் பத்தாவதும் பதினோராவதும் ஏறத்தாழ இரட்டையர்கள். குலுக்கிப் பிரித்தபோது ஒருவரைப் பயிற்சிக்கும் மற்றவரைத் தேர்வுக்கும் அனுப்பிவிட்டீர்கள். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்த மாணவர் நூறு வாங்கியதில் வியப்பில்லை. ஒரு முழு ஓட்டத்தை வெளியே வைத்து, மற்ற நான்கில் பயிற்றி, வெளியே வைத்ததைக் கணிக்கச் சொல்லுங்கள். அதை ஐந்து முறை சுழற்றுங்கள். நிறமாலையின் இரைச்சலை மட்டுப்படுத்தி அடிச்சரிவை நீக்கும் சாவிட்ஸ்கி–கோலே வகைக்கெழு போன்ற முன்செயல்களைத் தேர்வதும் காரணிகளின் எண்ணிக்கையைத் தேர்வதும் இந்தச் சுழற்சிக்குள்ளேயே நடக்க வேண்டும். இரண்டு வினைகளும் ஒரு வெப்பநிலையும் உள்ள இடத்தில் மூன்று நான்கு காரணிகளுக்கு வேலை இருக்கலாம். ஒன்பது என்றால் எஞ்சியவை அந்த ஐந்து நாட்களின் தனித்தன்மைகளை மனப்பாடம் செய்திருக்கின்றன.

தொடக்கத்திலேயே 0.08 வந்ததற்கும் காரணம் இதுதான். உங்கள் பயிற்சி ஓட்டங்கள் எல்லாமே 80 டிகிரி. ஹைட்ராக்சில், அமீன் பட்டைகள் ஹைட்ரஜன் பிணைப்பைப் பொறுத்து வடிவம் மாறும். வெப்பநிலை உயர உயர அந்தப் பிணைப்புகள் தளரும், பட்டைகள் இடம் நகரும். 80 டிகிரியிலேயே வளர்ந்த கணிப்பானுக்கு அந்த நகர்வு புதிது. அது தனக்குத் தெரிந்த ஒரே மாற்றமான வினை என்று அதைப் படித்துவிட்டது. அலைஎண் சொன்ன தனிப் பிசின் உத்தியை இங்கேயும் பயன்படுத்தலாம். தனிப் பிசினை 60 முதல் 120 டிகிரி வரை படிப்படியாகச் சூடாக்கி எடுத்த நிறமாலைகள் அனைத்துக்கும் நிறைவு பூச்சியம். முழுமையாகப் பின்னிறுகிய தகட்டை அதே வெப்பநிலைகளில் எடுத்தவற்றுக்கு நிறைவு ஒன்று. தனிப் பிசினில் அமீன் இல்லாததால் அமீன் பகுதியை மட்டும் விலக்கி, எப்பாக்ஸிப் பட்டையைச் சுற்றியுள்ள பகுதிக்கு இந்த இரண்டு கூட்டத்தையும் பயிற்சியில் சேர்த்தால், வெப்பநிலை வேறு, வினை வேறு என்று கணிப்பான் கற்றுக்கொள்ளும். இந்த இரு முனைகளுக்கும் டிஎஸ்சியின் சான்றிதழ் தேவையில்லை என்பதும் ஒரு வசதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிஎஸ்சி இறுதியில் 0.91-ஐ 0.99 என்று சொல்லியிருந்தால், உங்கள் கணிப்பான் அந்தப் பொய்யையும் விசுவாசமாகக் கற்றிருக்கும்.

இளம்பிசின் எழுதியது:

நடுவே ஒரு கேள்வி, ஐயா. ஜெல் ஆகும் புள்ளி நிறமாலையில் தனியாகத் தெரியுமா? முதன்மைக் கூறு பகுப்பாய்வின் வரைபடத்தில் 0.6 அருகே ஒரு வளைவு தெரிகிறது; அதை ஜெல் புள்ளி என்று எழுதலாமா?

அலைஎண் எழுதியது:

எழுதாதீர்கள். நிறமாலை பிணைப்புகளை எண்ணுகிறது. அந்தப் பிணைப்புகள் சேர்ந்து பாத்திரம் முழுவதும் ஒரே வலையாகிவிட்டனவா என்பதை அது அறியாது. ஃபுளோரி–ஸ்டாக்மேயர் கணக்குப்படி, இரண்டு கை உள்ள எப்பாக்ஸியும் நான்கு ஹைட்ரஜன் உள்ள டைஅமீனும் சரிவிகிதத்தில் சேர்ந்தால் ஜெல் புள்ளி மூன்றின் வர்க்கமூலத்தின் தலைகீழ், அதாவது 0.577. எல்லா ஹைட்ரஜனும் சமமாக வினைபுரியும் என்ற எடுகோளின் மீது அது நிற்கிறது. உங்கள் கடினமாக்கியின் இரண்டு அமீன்களும் சமமானவை அல்ல, ஒன்று வளையத்தின் மீதும் மற்றொன்று வளையத்திலிருந்து நீளும் கார்பன் மீதும் இருக்கிறது. ஜெல் புள்ளியை அளக்க வேண்டுமானால் பாகியல்மானியில், இழப்புக் கோணம் அதிர்வெண்ணைச் சாராமல் போகும் கணத்தைத் தேடுங்கள். நீங்கள் பார்த்த வளைவு பெரும்பாலும் ஓரிணைய அமீன் தீர்ந்து, வினை ஈரிணைய அமீனின் கைக்கு மாறும் இடமாக இருக்கும்.

அதைச் சொல்லும்போதே ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. உங்கள் நிறமாலையிலேயே ஒரு வரவு–செலவுக் கணக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஓரிணைய அமீனின் சேர்க்கைப் பட்டை 4930 செ.மீ⁻¹ அருகே தனியாகக் கிடைக்கும். தீர்ந்த எப்பாக்ஸியின் அளவிலிருந்து தீர்ந்த ஓரிணைய அமீனின் அளவைக் கழித்தால், மிச்சம் மூவிணைய அமீனின் அளவு. இறுதியில் ஓரிணைய அமீன் முழுதும் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்பாக்ஸி நிறைவு 0.91 என்றால், ஒரு நைட்ரஜனுக்கு 1.82 எப்பாக்ஸி செலவாகியிருக்கிறது; ஆகவே நைட்ரஜன்களில் 82 விழுக்காடு மூவிணையம், 18 விழுக்காடு இன்னும் ஈரிணையம். நிறைவு 0.99 என்றால் ஈரிணையம் 2 விழுக்காடுதான். 6500 செ.மீ⁻¹ பக்கம் ஈரிணைய அமீனின் மேற்சுரப் பட்டை (அடிப்படை அதிர்வின் ஏறத்தாழ இரு மடங்கு அலைஎண்ணில் எழுவது) வலுவற்றதுதான், ஹைட்ராக்சில் பட்டையின் சரிவும் அங்கே வந்து விழும். ஆனால் 18-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் அளவுக்கு அதற்கு வலுவிருக்கிறது. மூன்று கருவிகளுக்கு நடுவே பஞ்சாயத்து செய்ய நான்காவது கருவி வேண்டியதில்லை. எப்பாக்ஸி கூடுதலாக இருந்தாலோ வெப்பநிலை மிக உயர்ந்தாலோ ஹைட்ராக்சிலும் எப்பாக்ஸியைத் தின்னத் தொடங்கும். அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது. சரிவிகிதத்தில் 80 டிகிரியில் அந்த அச்சம் வேண்டாம்.

சுண்ணாம்புக்கல் எழுதியது:

நான் செறிவுறா பாலியெஸ்டரை ஏடிஆரில் பார்க்கிறேன். ஸ்டைரீனின் 912 செ.மீ⁻¹ பட்டை இறங்குவதை வைத்து நிறைவைக் கணக்கிடலாமா?

அலைஎண் எழுதியது:

மூடிய கலத்தில் என்றால் கணக்கிடலாம். திறந்த ஏடிஆர் படிகத்தின் மேல் ஸ்டைரீன் வினைபுரிவதோடு காற்றிலும் பறந்து போகும். பறந்ததும் வினையாகவே பதிவாகும். 982 செ.மீ⁻¹ அருகே உள்ள பாலியெஸ்டரின் இரட்டைப் பிணைப்பையும் சேர்த்துப் பாருங்கள், அது எங்கும் பறக்காது. தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

கூறுபிரிப்பான் எழுதியது:

தரவுத்தச்சர் சொன்ன தரக் குறைபாட்டை ஒப்புக்கொள்கிறேன்; என் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன், ஐந்தாவது கூறு உண்மையிலேயே அடுப்பின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் அதை மூவிணைய அமீன் என்று பெயரிட்டு வைத்திருந்தேன்.

இராமன் நிறமாலையை யாரும் குறிப்பிடவில்லையே? 1255 செ.மீ⁻¹ எப்பாக்ஸிப் பட்டையை 1610 செ.மீ⁻¹ வளையப் பட்டையால் வகுத்தால் போதும், தகடும் கலமும் வேண்டியதில்லை.

வெப்பவரை எழுதியது:

இறுகும் அமீன் கலவைகள் பல உடனொளிர்வு காட்டும். இறுக இறுக அது கூடவும் செய்யும். ஒளிர்வின் குன்றின் மீது 1255 பட்டை ஒரு சிறு கல்லாகக் கிடக்கும். 785 நானோமீட்டரோ அதைவிட நீண்ட அலைநீளமோ உள்ள லேசரைப் பயன்படுத்தினால் சமாளிக்கலாம். கரிய நிரப்பி சேர்ந்த பிசினில் லேசர் தானே சூடாக்கி, நாம் அளக்க வந்த வினையை நாமே விரைவுபடுத்திவிடும். தெளிந்த பிசினுக்கு நல்ல முறை என்பதில் ஐயமில்லை.

இளம்பிசின் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். சொன்னவற்றையெல்லாம் செய்து பார்த்தேன்.

முதலில் டிஎஸ்சி. இரவு முழுவதும் 80 டிகிரியில் இறுகிய துளி முதல் சூடாக்கலில் 112 டிகிரியில் நிலைமாறியது. இரண்டாவது சூடாக்கலில் 150 டிகிரி. முப்பத்தெட்டு டிகிரி உயர்வு. மிச்ச வெப்பம் இல்லை என்று நான் எழுதிய அதே வரைபடத்தை எடுத்து, இரண்டாவது சூடாக்கலின் கோட்டை அடிக்கோடாக வைத்துக் கழித்துப் பார்த்தபோது, 120 டிகிரிக்கும் 220 டிகிரிக்கும் நடுவே ஒரு தாழ்ந்த, அகன்ற மேடு தெளிவாக எழுந்தது. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. என் கோடுதான் அதை மறைத்திருக்கிறது.

4620 பட்டையால் வகுத்து, தனிப் பிசினைப் பூச்சியமாக வைத்து, 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் பின்னிறுகிய தகட்டில் மிஞ்சிய சிறு பரப்பைக் கழித்த பிறகு, இறுதி நிறைவு 0.92 என்று வருகிறது. 6500 பக்கத்தில் ஈரிணைய அமீனின் சிறு மேடு 80 டிகிரித் தகட்டில் இருக்கிறது, பின்னிறுகிய தகட்டில் இல்லை. ஏடிஆரில் 1510 பட்டையின் உயரம் ஏறத்தாழ நாற்பதாவது நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகான பகுதியை விட்டுவிட்டேன், அதுவரை இரண்டு முறைகளும் நன்றாக ஒத்துப்போகின்றன.

கணிப்பானைப் புதிதாகக் கட்டினேன். பழையதை, ஒவ்வொரு முறையும் ஒரு முழு ஓட்டத்தை வெளியே வைத்துச் சோதித்தபோது அதன் பிழை நான்கு மடங்காகியது. அந்த எண்ணை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. புதியதில் நான்கு காரணிகள். 100 டிகிரி ஓட்டத்தின் தொடக்கத்தில் இப்போது பூச்சியத்தை ஒட்டியே நிற்கிறது.

இன்னும் ஒன்று புரியவில்லை. சாதாரண விகிதக் கணக்கே இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், கணிப்பான் எதற்கு?

தரவுத்தச்சர் எழுதியது:

தெளிந்த பிசினும் கண்ணாடிக் கலமும் உள்ள வரை தேவையில்லை என்பதே என் நேர்மையான பதில். இரண்டு பட்டைகளின் விகிதம் போதுமான இடத்தில் நான் பிஎல்எஸ்ஸைத் தொடுவதில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இளம்பிசின் எழுதியது:

அச்சுக்குள் ஒளியிழையைச் செலுத்தி, பிசின் நிரம்பும் இடத்திலேயே அளக்க வேண்டும். கண்ணாடி இழைத் துணியும் உள்ளே இருக்கும்.

அலைஎண் எழுதியது:

அப்படியானால் கணிப்பானைத் தூக்கி எறியாதீர்கள். 4530 செ.மீ⁻¹ என்பது 2207 நானோமீட்டர்; சிலிக்கா ஒளியிழை அந்த எல்லையில்தான் ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. ஹைட்ராக்சில் குறைந்த இழையில் ஓரிரு மீட்டருக்குத் தாக்குப்பிடிக்கலாம். அதற்கு மேல் இரைச்சல்தான் மிஞ்சும். அங்கே 6060 செ.மீ⁻¹ மேற்சுரப் பட்டைக்கு மாற வேண்டியிருக்கும். அது 1650 நானோமீட்டர், இழைக்கும் சாதாரண இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரிக்கும் வசதியான இடம். ஆனால் வளையத்தின் கார்பன்–ஹைட்ரஜன் மேற்சுரம் 5980 அருகே அதை ஒட்டியே நிற்கிறது, இரண்டும் ஒன்றின் மீது ஒன்று சாய்ந்திருக்கும். துணியின் சிதறலும் சேரும். வெறும் விகிதம் அங்கே தடுமாறும், நான்கு காரணிகளுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. இப்போது கைவசமுள்ள கலத்திலேயே, பழைய நிறமாலைகளில் 6060 பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கணிப்பான் கட்டி, 4530 தரும் விடையோடு ஒத்துப்போகிறதா என்று அச்சைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இழையின் முனைக்கு அருகில் ஒரு வெப்ப இரட்டையையும் வையுங்கள். தடித்த அச்சின் நடுவே 80 டிகிரி என்பது அடுப்பின் எண் மட்டுமே, வினைவெப்பத்தில் பிசின் அதைத் தாண்டி எங்கோ போயிருக்கும்.

இளம்பிசின் எழுதியது:

நாளையே வெட்டிப் பார்க்கிறேன், ஐயா. ஐந்து ஓட்டங்களின் மூல நிறமாலைகளும் அப்படியே இருக்கின்றன. வகைக்கெழு எடுத்தவற்றை மட்டும் சேமித்திருந்தால் இப்போது எல்லாவற்றையும் மீண்டும் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.